வளியை அளந்த விஞ்ஞானி மித்திரா

மாரி மழையை நம்பி நெல் விதைக்கும் குடாநாட்டிற் பிறந்த நாம், நெல்வயல் உலகுக்குத் தீங்கு விளைக்கின்றது என்று கேட்பின் திகைப்புறுவோம். அத்தகைய பழி இந்திய உழவர்மீது வந்தபோது, அதனை அளந்து பார்த்து உண்மை கண்டவர் கலாநிதி அசேஷ் பிரசாத் மித்திரா ஆவர்.

1927ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 21ஆம் நாள் கல்கத்தாவிலே தோன்றிய இப்பெரியார், பேராசிரியர் சிசிர் குமார் மித்திராவிடம் ஆராய்ச்சி பயின்றார். 1954இல் புதுதில்லித் தேசிய பௌதிக ஆய்வுகூடத்திற் சேர்ந்து, வானொலியலைகளின் துணைகொண்டு மேல்வளிமண்டலத்தை ஆராய்ந்தார். 1968இல் பட்நாகர் பரிசு பெற்றார். 1988இல் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

விண்ணை நோக்கிய அக்கண்கள் பின்னர் வயலையும் நோக்கின. நீர் தேங்கிய சேற்றில் ஒட்சிசன் இன்மையால் நுண்ணுயிர்கள் மெதேன் வாயுவை உண்டாக்குகின்றன. அது நெற்பயிரினூடாக மேலெழுந்து வளிமண்டலத்திற் கலந்து, புவியின் வெப்பத்தைத் தடுத்து வைக்கின்றது. இந்திய வயல்களிலிருந்து ஆண்டொன்றுக்கு 3 கோடியே 78 இலட்சம் தொன் மெதேன் எழுகின்றதென ஐக்கிய அமெரிக்காவின் சூழற் பாதுகாப்பு நிறுவனம் கணித்தது. மேலைநாட்டு வயல்களிற் கண்ட அளவை இந்திய வயல்களுக்கும் ஏற்றிப் பெற்ற தொகை அது.

மித்திரா சினந்து பேசினாரல்லர், அளக்கத் தலைப்பட்டார். 1991இல் அவர்தம் வழிகாட்டலிலே பல ஆய்வு நிலையங்கள் ஒன்றுகூடின. பயிரின்மீது ஒளிபுகும் பெட்டிகளைக் கவிழ்த்து, உள்ளிருந்த காற்றைக் குறித்த இடைவேளைகளில் ஊசிக்குழாயால் எடுத்து, மெதேன் பெருகும் விரைவைக் கணித்தனர். கிடைத்த விடை ஏறத்தாழ 40 இலட்சம் தொன். முன்னைய தொகையில் ஒன்பதில் ஒரு பங்களவே. வானம் பார்த்த வயல்கள் இடையிடையே காய்வதும், மண்ணிற் சேதனப் பொருள் குறைந்திருப்பதும் இவ்வேறுபாட்டுக்குக் காரணங்களாம்.

மறு ஆண்டிலேயே உலக நாடுகள் றியோ நகரிற் கூடிக் காலநிலை உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. எந்த நாடு எவ்வளவு பொறுப்பை ஏற்பது என்ற வழக்கில், ஏழை உழவன்மீது பொய்ச்சுமை ஏறாதிருக்க இவ்வளவீடு துணைநின்றது. எனினும் வயலிலிருந்து மெதேன் எழுவதே இல்லையென மித்திரா வாதித்தாரல்லர். உள்ளதை உள்ளவாறே உரைத்தார்.

2007ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆம் நாள் அவர் மறைந்தார். எம் கல்லூரி ஆய்வுகூடத்தில் அளவியும் குழாயும் ஏந்தி நிற்கும் மாணவர், தாம் குறிக்கும் ஒவ்வோர் எண்ணும் ஒருவருக்கு நீதியாகலாம் என்பதை இவர் வரலாற்றினின்றும் அறிவாராக.