பரங்கிமலையில் நீண்ட சங்கிலி

குழந்தைகளே! ஆதம்பாக்கத்தில் மொட்டை மாடியில் ஏறி நின்றால் பரங்கிமலை பக்கத்திலேயே தெரியும். எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைச் சொன்ன மாபெரும் நில அளவை, அந்த மலையடியில்தான் தொடங்கியது என்றால் நம்புவீர்களா? அதைத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தில் எளிய குடும்பத்தில் பிறந்த லாம்டனுக்குக் கணக்கு என்றால் உயிர். ராணுவத்தில் சேர்ந்து இந்தியா வந்தார். 1799-ல் திப்பு சுல்தானுக்கு எதிரான போர் முடிந்ததும், தென்னிந்தியாவைத் துல்லியமாக அளக்க அரசிடம் அனுமதி பெற்றார்.

1802 ஏப்ரல் 10-ம் தேதி வேலை ஆரம்பமானது. பரங்கிமலைப் பக்கமிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுப் பக்கம் வரை ஒரு நேர்கோடு. நீளம் ஏழரை மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர். அதை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார்கள். வெயில் பட்டால் எஃகு நீளும் அல்லவா? அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துக் கணக்கைத் திருத்தினார் லாம்டன். கோடை வெயிலில் வாரக்கணக்கில் இந்த வேலை நடந்தது.

ஒரு கோட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு? முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம், பிறகு இன்னொன்று என்று நாடு முழுவதும் போகலாம். ஆனால், முதல் கோடு தப்பானால் எல்லாமே தப்பு!

கோணங்களை அளக்க அவரிடம் தியோடலைட் என்ற கருவி இருந்தது. அதன் எடை அரை டன்! தஞ்சாவூர்ப் பக்கம் மலைகள் கிடையாது. எனவே உயரமான கோயில் கோபுரங்களில் கருவியை ஏற்றி அளந்தார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் கருவியை மேலே இழுக்கும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணம் காட்டும் வட்டம் வளைந்து போனது.

இங்கிலாந்திலிருந்து வேறு கருவி வர மாதக்கணக்கில் ஆகும். எல்லோரும் இடிந்து போனார்கள். லாம்டன் யாரையும் திட்டிப் பொழுதைப் போக்கவில்லை. சில தொழிலாளர்களோடு கூடாரத்துக்குள் புகுந்தார். கருவியைப் பிரித்தார். வட்டம் இருக்க வேண்டிய அளவைத் துல்லியமாக வரைந்து வைத்துக்கொண்டு, வளைந்ததைச் சிறிது சிறிதாக இழுத்து நிமிர்த்தினார். ஆறு வாரங்களில் கருவி ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்தது. அதன்பின் பல ஆண்டுகள் உழைத்தது.

அளந்துகொண்டே வடக்கே சென்ற லாம்டன், 1823-ல் மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் காலமானார். அப்போது வயது எழுபதை ஒட்டி இருக்கும். அவர் இமயமலையைப் பார்க்கவில்லை. வேலையைத் தொடர்ந்தவர் அவருடைய உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட். பின்னர் வங்காளத்துக் கணித மேதை ராதாநாத் சிக்தார் உள்ளிட்டோர் கணக்கிட, உலகின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று 1856-ல் அறிவிக்கப்பட்டது. இன்றைய அளவு 29,032 அடி. வித்தியாசம் வெறும் 30 அடிதான்!

சிகரத்துக்கு வைத்தது எவரெஸ்டின் பெயர். லாம்டனின் பெயர் பலருக்குத் தெரியாது. ஆனாலும் அவர் போட்ட முதல் கோடு சரியாக இருந்தது. வீட்டுக் கணக்கில் முதல் வரியை எழுதும்போது அவரை நினைத்துக் கொள்ளுங்கள், குழந்தைகளே!