ஹூண்டாய் நிறுவனரின் வாழ்க்கை: கடனும் நம்பிக்கையும்

அமெரிக்காவின் சான் ஹோசே முதல் சென்னை வரை தமிழர்கள் நன்கறிந்த ஹூண்டாய் கார்களின் வரலாறு, சுங் ஜு-யுங் என்ற ஏழை விவசாயியின் மகனிடமிருந்து தொடங்குகிறது.

தற்போது வட கொரியாவில் உள்ள தோங்சோன் பகுதியில் 1915ஆம் ஆண்டு பிறந்த அவர், தந்தை மாடு விற்று வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு சோல் நகருக்கு ஓடியவர். அங்கு அரிசிக் கடையில் வேலை செய்த அவர், 1940இல் வாகனங்களைப் பழுது பார்க்கும் பட்டறையையும், 1947இல் கட்டுமான நிறுவனத்தையும், 1967இல் ஹூண்டாய் மோட்டாரையும் தொடங்கினார்.

1986இல் அமெரிக்காவில் 4,995 டாலர் விலையில் அறிமுகமான எக்செல் கார், முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்து 68 ஆயிரத்துக்கும் மேல் விற்பனையானது. ஆனால் அடிக்கடி பழுதானதால், வாங்கியவர்களே குறைகூறும் நிலை ஏற்பட்டது. மலிவு விலை தேடித்தந்த சந்தையை, தரக்குறைவு பறித்தது.

1998இல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ கார் உற்பத்தி தொடங்கியது. அமெரிக்காவிலோ, 1999ஆம் ஆண்டு மாடல்கள் முதல் இயந்திரத்துக்கும் கியர் அமைப்புக்கும் 10 ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல் உத்தரவாதம் வழங்கப்பட்டது. பழுதின் செலவை நிறுவனமே ஏற்றதால் வாடிக்கையாளர்கள் திரும்பினர்.

அதே 1998இல் சுங், இரு தவணைகளாக 1,001 மாடுகளை எல்லை கடந்து வட கொரியாவுக்குக் கொண்டு சென்றார். அன்று எடுத்த ஒரு மாட்டின் கடனை அவர் அடைத்த விதமாக அது பார்க்கப்பட்டது.

2001 மார்ச் 21ஆம் தேதி அவர் காலமானார். இழந்த நற்பெயரை நிறுவனம் பெருமளவு மீட்டது அதன் பின்னரே. எனினும் 2015 முதல் இயந்திரக் கோளாறுகளால் அமெரிக்காவில் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைக்க நேரிட்டது, அந்த நம்பிக்கை நிரந்தரமானதல்ல என்பதை உணர்த்தியது.