காட்டப்படாத சிறுத்தை

கண்டியிலிருந்து குருணாகல் செல்லும் வீதியில், மலைப்பாங்கான இடத்தில் அமைந்த ஊர் கலகெதர. நான் அங்கே ஆசிரியனாக இருந்த காலத்தில், இறப்பர்த் தோட்டத்துக்குள் சிறுத்தை நடமாடுகிறதென்று ஒரு பேச்சு எழுந்தது. அதனைக் கண்ணாற் கண்டவர் ஒருவருமில்லை. ஆயினும் ஒரு மாதம்வரை, அந்தி சாயுமுன்னரே வீட்டுக் கதவுகள் அடைபட்டன. காணாத ஒன்றுக்கு இத்துணை வலிமையா என்று வியந்தேன். அதற்குரிய விடையைப் பின்னர் ‘கேட் பீப்பிள்’ என்னும் பழைய ஆங்கிலப் படத்திலே கண்டேன். அதனைத் தயாரித்தவர் வால் லூட்டன்.

1904 ஆம் ஆண்டு கருங்கடற்கரை நகரான யால்டாவிற் பிறந்த அவர், 1909 இல் தாயுடன் அமெரிக்கா சென்றார். புகழ்பெற்ற நடிகை அல்லா நஸிமோவா அவருடைய சிறிய தாயார். இளமையில் நாவல்கள் எழுதினார். பின்பு தயாரிப்பாளர் செல்ஸ்னிக்கிடம் கதைப் பிரிவிற் பணியாற்றினார். 1942 இல் ஆர்.கே.ஓ. கம்பனி, திகிற் படங்கள் எடுக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. மனிதன் ஓநாயாக மாறும் ‘வுல்ஃப் மேன்’ படம் 1941 இறுதியில் வெளிவந்து வெற்றி பெற்றிருந்தது. லூட்டனுக்குக் கிடைத்தவையோ, கம்பனியே சூட்டிய தலைப்பும், ஒன்றரை இலட்சம் டொலருக்கு மேற்படாத செலவுத்தொகையுமே.

உரோமம் முளைக்கும் முகங்களை அவர் நாடவில்லை. காதல் வயப்பட்டாற் கருஞ்சிறுத்தையாகிவிடுவோம் என்றஞ்சும் ஒரு பெண்ணின் தனிமையை எடுத்துக்கொண்டார். இயக்குநர் ஜாக் டூர்னர் அதனை நிழலாலும் ஒலியாலும் உருவாக்கினார். இரவில் மற்றொருத்தி தனியே நடக்கிறாள். பின்தொடர்ந்த காலடியோசை திடீரென ஓய்கிறது. அடுத்த கணம் சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பஸ் வண்டி! விலங்கு ஏதுமில்லை, எனினும் நெஞ்சு பதறுகிறது. படம் முழுவதிலும் சிறுத்தை புலப்படும் கணங்கள் மிகச் சிலவே.

1946 வரை ஒன்பது திகிற் படங்களைத் தயாரித்தார். திரைக்கதைகளைத் தாமே திருத்தி எழுதியும் பெரும்பாலும் தம் பெயரை இட்டுக்கொள்ளவில்லை. இரண்டிற் புனைபெயர் இட்டார். பின்னர் வேறு கம்பனிகளில் அவர் தயாரித்த படங்கள் அச்சிறப்பை எய்தவில்லை. 1951 மார்ச் மாதம், 46 வயதில், மாரடைப்பால் மறைந்தார்.

பணக்குறையே அவரைக் கலைஞராக்கிற்று என்பதை நான் ஏற்கமாட்டேன். பணம் குறைந்த வேறு பலர் மலிவான முகமூடிகளையே காட்டினர். பார்ப்போரின் மனத்தை நம்பியதே லூட்டனின் பெருமை. கதை எழுதும் மாணவர் முதல் வரியிலேயே பேயை நிறுத்தும்போதெல்லாம், நான் கலகெதரச் சிறுத்தையை நினைவூட்டுவதுண்டு. அதனை எவரும் கண்டதில்லை, மறந்தவரும் எவருமில்லை.