ஷெல் துண்டும் குதிக்காலும்: ஜோன் ஹண்டரின் கதை

கிரானில் என் மாமாவின் வலது குதிக்காலுக்கு மேலே 2007இல் பட்ட ஷெல் துண்டொன்று இன்னும் இருக்கிறது. நாம் நரம்பு என்று சொல்லும் தசைநாணும் அன்று பாதி கிழிந்தது. துண்டை எடுக்கப் போனால் மிச்சமும் கெடும் என்று வைத்தியர் விட்டுவிட்டார். அவர் கைவிட்டுவிட்டார் என்றுதான் மாமா பல வருடம் நினைத்திருந்தார். நானும்தான். ஜோன் ஹண்டரைப் பற்றி வாசித்த பிறகு எனக்கு அந்தக் கோபம் போனது.

1728இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். படிப்பு ஏறவில்லை. இருபது வயதில் லண்டனுக்கு வந்து, உடற்கூற்றியல் கற்பித்த அண்ணனுக்கு உதவியாக நின்று, பிணங்களை அறுத்தே மருத்துவம் கற்றார். 1761இல் பிரான்ஸ் கரையிலுள்ள பெல் ஈல் தீவில் பிரித்தானியப் படை இறங்கியபோது சத்திரசிகிச்சை வைத்தியராக உடன் போனார். காயத்தை இன்னும் அகலமாகக் கீறி, விரலை விட்டுத் தோண்டிக் குண்டை எடுப்பதே அன்றைய வழக்கம். காயத்தோடு ஒளிந்திருந்த பிரெஞ்சுச் சிப்பாய்கள் சிலருக்கு, ஒரு சிகிச்சையும் இல்லாமலே, தோண்டப்பட்டவர்களைவிட நன்றாக ஆறியிருந்தது. தேவையில்லாமல் காயத்தைக் கிளறக் கூடாது என்ற முடிவுக்கு அவர் அங்கேதான் வந்தார். (எல்லாத் துண்டையும் அப்படி விட முடியாது. வீங்கினால், சீழ் வைத்தால் உடனே காட்ட வேண்டும்.)

1767இல் அவருடைய குதிக்கால் தசைநாணே அறுந்தது. நடனமாடும்போது என்கிறார்கள். கட்டுப்போட்டு, குதியை உயர்த்தி நடந்து ஆற்றிக்கொண்டார். பிறகு நாய்களின் தசைநாணை அறுத்து, வெவ்வேறு நாட்களில் அவற்றைக் கொன்று பார்த்தார். முறிந்த எலும்பைப் போலத் தசைநாணும் தானே பொருந்துகிறது என்று கண்டார்.

பொருந்தும், ஆனால் வடுவாக. பழைய இழுவை திரும்பாது. பந்தயக் குதிரைக்கு அது மறுபடி மறுபடி கிழியும்.

1791இல் லண்டனில் தொடங்கிய கால்நடை வைத்தியக் கல்லூரியை ஆதரித்தவர்களில் ஹண்டரும் ஒருவர். அந்தக் கல்லூரியின் வழிவந்த ரோயல் கால்நடைக் கல்லூரியினர், இந்த நூற்றாண்டில் குதிரையின் நெஞ்செலும்பு மச்சையிலிருந்து ஸ்டெம் செல் எனப்படும் கலங்களை எடுத்து, ஆய்வுகூடத்தில் பெருக்கி, கிழிந்த தசைநாணுக்குள் ஊசியால் ஏற்றினார்கள். அக்குதிரைகளில் மறுபடி கிழிவது குறைந்திருந்தது. மனிதருக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. வட்ஸ்அப்பில் வரும் விளம்பரத்தைப் பார்த்துக் காணியை ஈடு வைக்காதீர்கள்.

ஹண்டரை நான் முழுதாகக் கொண்டாட மாட்டேன். 1783இல் இறந்த அயர்லாந்தின் நெட்டை மனிதர் சார்ள்ஸ் பேர்ன், தன் உடல் அறுப்பவர்களிடம் போய்விடும் என்று அஞ்சி, கடலில் போடச் சொல்லியிருந்தார். ஹண்டர் காசு கொடுத்து அந்த உடலை எடுத்துக்கொண்டார். எலும்புக்கூட்டை 2023இல்தான் லண்டன் அருங்காட்சியகம் காட்சியிலிருந்து நீக்கியது. கடலுக்கு அது இன்னும் போகவில்லை. பிள்ளையின் உடலைக்கூடக் காணாத நம் அம்மாமாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1793இல், வைத்தியசாலைக் கூட்டமொன்றில் வாக்குவாதப்பட்டு, அங்கேயே விழுந்து இறந்தார். துப்பாக்கிக் காயங்கள் பற்றிய அவருடைய நூல் அடுத்த வருடம்தான் வெளிவந்தது.

மாமாவிடம் எல்லாம் சொன்னேன். ஊசி போட்ட குதிரைக்கு எவ்வளவு காலம் ஓய்வு என்று மட்டும் கேட்டார். ஓட விட ஏறக்குறைய ஒரு வருடம் என்றேன். அவர் மூன்றாம் மாதமே வயலில் இறங்கியவர்.