கணிதமேதை இராமானுஜன் கண்ட கனவுகள்

நாம் அடிக்கடி கடந்து செல்லும் மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில், 1919-இல் இங்கிலாந்திலிருந்து நோயுடன் திரும்பிய கணிதமேதை சீனிவாச இராமானுஜன் சிறிது காலம் தங்கியிருந்தார். 1887-இல் ஈரோட்டில் பிறந்த அவர், நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் தோன்றிச் சூத்திரங்களை அருளுவதாக நண்பர்களிடம் கூறிவந்தார். கடல் கடக்கத் தடை சொன்ன அன்னையார் மனம் மாறியதும் ஒரு கனவினால்தான் என்பர். 1914 மார்ச் 17-இல் கப்பலேறினார்.

ஆனால் கனவோடு அவர் நின்றுவிடவில்லை. காகிதம் வாங்க வசதியற்ற நாட்களில் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து அழித்துக் கணக்கிட்டார். முடிவுகளை மட்டும் நோட்டில் குறித்தார். பகலில் ஆழ்ந்து எண்ணியதை மூளை உறக்கத்திலும் தொடர்வதாக ஆய்வாளர் கூறுவர். இவர் வாழ்வுக்கு அவ்விளக்கமே பொருந்துவதாக நமக்குப் படுகிறது. கேம்பிரிட்ஜில் பேராசிரியர் ஹார்டி கேட்டதும் கனவையன்று, நிரூபணத்தையே.

1920 ஜனவரியில் நோய்ப்படுக்கையிலிருந்து ஹார்டிக்குப் புதுவகைச் சார்புகளைக் குறித்துக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 26-இல், 32-ஆம் வயதில், சேத்துப்பட்டில் மறைந்தார். அச்சார்புகளின் உட்பொருள் 2002-இல்தான் கணித உலகிற்குத் தெளிவாயிற்று.