மன்றோ துரையும் குடியானவன் பட்டாவும்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் தாலுகா கச்சேரிகளில் ஆண்டுதோறும் ஜமாபந்தி நடக்கிறது. அங்கே பட்டாவும் கையுமாக நிற்கும் குடியானவர்களுள், அந்தப் பட்டா முறையை இம்மாகாணத்தில் வேரூன்றச் செய்தவர் யாரென்று அறிந்தவர் சிலரே. அவர் ஸர் தாமஸ் மன்றோ. அவருடைய சரித்திரத்தில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

1761-ல் ஸ்காத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் ஒரு வியாபாரியின் மகனாகப் பிறந்த மன்றோ, 1780-ல் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து சென்னை வந்தார். ஹைதர் அலியோடு நடந்த யுத்தத்தில் பொருதார். 1792-ல் பாரமகால் சீமை கம்பெனி வசமானதும், ரீடு துரையின் கீழ் அங்கே வரிவசூல் உத்தியோகம் ஏற்றார். கிராமம் கிராமமாகச் சென்று, குடிகளோடு பேசிக் கணக்குகளை ஆராய்ந்தார். நடுவே ஜமீன்தார் இன்றி, ஸர்க்கார் ஒவ்வொரு குடியோடும் நேரே தீர்வை பேசும் ரயத்துவாரி முறை அங்கேதான் உருப்பெற்றது.

தென்பாண்டிச் சீமையிலோ வேறு வழி நடந்தது. 1801-ல் பாளையக்காரர் யுத்தம் முடிந்தபின், 1802-ஆம் வருஷத்துச் சட்டத்தை ஒட்டி, எஞ்சிய பாளையங்களுக்குச் சாசுவதப் பேஷ்குஷ் விதித்து ஜமீன்களாக்கினர். ராஜபாளையத்தை அடுத்த சேத்தூர் அவற்றுள் ஒன்று. இவ்வாறு, ஜமீன் குடி ஜமீன்தாருக்கும், அயன் நிலத்துக் குடி ஸர்க்காருக்கும் கடமைப்பட்டவனானான்.

அயன் குடிக்குப் பட்டா கிடைத்தது மெய். ஆனால் தீர்வை? 1800 முதல் 1807 வரை கடப்பை, பல்லாரிச் சீமைகளில் மன்றோ விதித்த தீர்வை, மொத்த விளைவில் ஏறக்குறைய நூற்றுக்கு 45 பங்கு. அது அதிகமென்று உணர்ந்த அவரே, 1807-ல் கால்பங்கு குறைக்கும்படி சிபார்சு செய்தார். மேலதிகாரிகள் இணங்கவில்லை. 1820-ல் அவரே கவர்னரான பிறகுதான் அக்குறைப்பு நிறைவேறிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் ஏரும் மாடும் விற்றுக் கிஸ்தி கட்டியவன் யாரிடம் முறையிடுவான்? அவர் காலமான பின்னும் கொடுமை தீரவில்லை. கிஸ்திக்காகக் குடிகளைச் சித்திரவதை செய்வது வழக்கமாயிருந்ததென்று 1855-ல் ஸர்க்கார் நியமித்த கமிஷனே ஒப்புக்கொண்டது.

1827-ஆம் வருஷம் ஜூலை 6-ந் தேதி, சுற்றுப்பயணத்தில் பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு மன்றோ மாண்டார். குடிகள் அழுதனர், அவர் நல்லவர் என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆயினும் நல்ல துரையின் கருணை வேறு, குடியின் உரிமை வேறு. கருணை துரையோடு போய்விடும். உரிமை நிலைத்து நிற்கும்.

1948-ல் ஜனப்பிரதிநிதிகள் இயற்றிய சட்டம் ஜமீன்களை ஒழித்து, அந்நிலங்களையும் ரயத்துவாரியாக்கியது. மறு வருஷம் ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா மாகாணப் பிரதமரானார். அப்போது ஜமீன் குடி பெற்றதும் மன்றோ வகுத்த பட்டாவே. ஆனால் அதை அளித்தது துரையின் கருணை அன்று. நம்மவர் இயற்றிய சட்டம். இவ்வேற்றுமையைப் பட்டா பிடித்த ஒவ்வொரு கையும் உணர்தல் வேண்டும்.