முதற்பணி அறிந்த பாபாசாகேப்

பணிகள் நெருக்கும் நாளில் எதனை முதலிற் செய்வது? பாபாசாகேப் அம்பேத்கரின் வாழ்வை நோக்குவோம்.

1891-இல் மோவ் நகரிற் பிறந்த அப்பெருமகனார், 1947 ஆகஸ்டில் எழுவர் கொண்ட அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவரானார். ஒருவர் விலகினார், ஒருவர் மறைந்தார், சிலர் தொலைவிலிருந்தனர். சட்ட அமைச்சராகவும் இருந்த அவர்மீதே சுமை வீழ்ந்தது. நீரிழிவும் வருத்திற்று. ஆயினும் வரைவையே முதற்பணியாகக் கொண்டார். 1949 நவம்பர் 26-இல் அரசியல் சட்டம் ஏற்கப்பட்டது.

1951-இல், பெண்டிர்க்குச் சொத்துரிமை தரும் இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடியட்டுமெனத் தம் சிகிச்சையையும் தள்ளிவைக்க முனைந்தார். மசோதா நிறைவேறவில்லை, பதவியைத் துறந்தார். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் தம்மம் ஏற்றார்; டிசம்பர் 6-இல் மறைந்தார்.

ஆலையில் ஆள் குறைந்த நாளில் இருப்பவரே இரு பங்கு சுமப்பதை நாம் அறிவோம். முதற்பணி எதுவெனத் தெளிவதை அவரிடம் கற்போம். உடலைப் பேணுவதும் பணியே என்பதை மறவோம்.